மரை கழண்ட கதை

நம்ம ஊரில் ஒருத்தருக்குப் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டால் "மரை கழண்டு போச்சு" என்போம். தலைப்பைப் பார்த்து அப்படி ஏதோ கதை என்று வந்திருந்தால் உங்கள் ஊகம் பாதி சரி. கழண்டது காரின் மரை. கழட்டியவன் அடியேன். எது முதலில் கழண்டது என்பதில் தங்கமணிக்கு வேறு கருத்து உண்டு. அதை இங்கே பிரசுரிக்க முடியாது.

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆகிறது. லேக் மார்க்கெட் பக்கம் வீடு. முருங்கைக்காய், வாழைப்பூ, ஃபில்டர் காபிப்பொடி எல்லாம் நடந்து போகிற தூரத்தில் கிடைப்பதால் நம்மவர்கள் பல தலைமுறையாக மொய்க்கிற இடம். என்னோடு வேலை பார்த்த வங்காளி மேனேஜர் ஒருவர் ரிடையர் ஆகிப் போகும்போது தன் 1998 மாடல் அம்பாசடரைக் கிட்டத்தட்ட சும்மா கொடுத்துவிட்டுப் போனார். வாங்கிய நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை எனக்கு அதன் அடியில்தான். பி.காம். படித்தவனுக்கு ஸ்பேனர் எதற்கு என்று கேட்காதீர்கள். ஆறு நாள் அடுத்தவர் கடனைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு, ஏழாம் நாள் கையில் கிரீஸ் ஒட்டினால் ஒரு நிம்மதி.

பூஜை விடுமுறையில் ரேடியேட்டர் ஒழுகியது. கழட்டி ஈயம் வைக்கக் கொடுத்தேன். கையோடு கையாக தெர்மோஸ்டாட்டையும் மாற்றிவிடலாம் என்று அதன் மூடியையும் கழட்டினேன். மூடியைப் பிடிப்பது இரண்டே போல்ட். கழட்டிய எல்லா போல்ட்டையும் ஒரே ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தேன். என் முதல் தப்பு அது.

திரும்பப் பூட்டும்போது பாட்டிலைக் கவிழ்த்து, கண்ணுக்கு அளவாகத் தெரிந்த ஒன்றை எடுத்து மூடியில் வைத்தேன். இரண்டு சுற்று சுகமாகப் போனது. மூன்றாவதில் இறுகியது. "பழைய வண்டி, துரு இருக்கும்" என்று எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டு ஸ்பேனரில் ஏறி அழுத்தினேன். போனது. அப்புறம் திடீரென்று லேசாகிவிட்டது. ஸ்பேனர் சுற்றிக்கொண்டே இருந்தது. இந்த உணர்ச்சி தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். தெரியாதவர்கள், மாடிப்படி இன்னும் ஒன்று இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் வயிற்றில் ஒன்று நழுவுமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டை வெளியே எடுத்தால், அதன் மரையில் அலுமினியம் சுருள் சுருளாக, தேங்காய்த் துருவல் மாதிரி ஒட்டியிருந்தது.

அப்பா பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா போனபின் திருச்சி வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு வருஷமாக எங்களோடுதான் இருக்கிறார். பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் டர்னர். இறங்கி வந்தார். துருவலைத் தட்டிவிட்டு, போல்ட்டின் மரையில் நகத்தை ஒருமுறை ஓட்டினார்.

"இது எட்டு எம்எம் இல்லடா. அஞ்சு பதினாறு."

"ரெண்டும் ஒண்ணுதானேப்பா?"

அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே போய்த் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு சின்ன இரும்பு மடக்கை எடுத்து வந்தார். விசிறி மாதிரி விரியும். ஒவ்வொரு இதழிலும் சீப்புப் பல் மாதிரி வெட்டு. மரை கேஜ். ஒவ்வொரு இதழாக போல்ட்டின் மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்று பொருந்தியதும் என்னிடம் நீட்டினார். இருபத்து நாலு.

அஞ்சு பதினாறு என்றால் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஐந்து பாகம். கணக்குப் போட்டால் 7.94 மி.மீ. எட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்குதான். கண்ணும் கையும் கண்டுபிடிக்காது. வித்தியாசம் தடிமனில் இல்லை, மரையின் நெருக்கத்தில் இருக்கிறது. என் எஞ்சினில் இருந்த எட்டு மி.மீ. துளையில் மரைக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ. நான் நுழைத்த போல்ட்டில் ஒரு அங்குலத்துக்கு 24 மரை, அதாவது இடைவெளி சுமார் 1.06. முதல் இரண்டு சுற்றில் இந்தப் பிசகு தெரியாது. மூன்றாவதில் போல்ட்டின் மேடு துளையின் மேட்டில் ஏறி உட்காரும். இரும்பும் அலுமினியமும் மல்லுக்கு நின்றால் யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரே வண்டியில் இரண்டு ஜாதி போல்ட் எப்படி வந்தது? அன்று ராத்திரி இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நோண்டிப் பார்த்தால் இருநூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு போல்ட்டும் அதன் நட்டும் புருஷன் பெண்டாட்டி மாதிரி. இந்த நட்டு இந்த போல்ட்டுக்குத்தான், அடுத்ததற்குப் போகாது. கழட்டும்போது அடையாளம் போட்டு வைக்காவிட்டால் திரும்பப் பூட்ட முடியாது. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் 1800ஐ ஒட்டிய வருஷங்களில் மரை வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்தினார். ஒரே மாதிரி மரையைத் திரும்பத் திரும்ப வெட்ட முடிந்தது. ஆனாலும் அவர் பட்டறைக்கு அவர் மரை, பக்கத்துப் பட்டறைக்குப் பக்கத்து மரை.

மாட்ஸ்லேயிடம் வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஜோசப் விட்வொர்த். இவர் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தன் மரைதான் உசத்தி என்று சண்டை போடவில்லை. இங்கிலாந்தின் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி எடுத்தார். மரையின் கோணம் 55 டிகிரி, முனைகளும் அடியும் உருண்டையாக, இத்தனை தடிமனுக்கு இத்தனை மரை என்று 1841இல் லண்டன் சிவில் இஞ்சினியர்கள் சங்கத்தில் ஒரு கட்டுரையாக வைத்தார். கால் அங்குலத்துக்கு 20, அரை அங்குலத்துக்கு 12, ஒரு அங்குலத்துக்கு 8. எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போதும் என்பதால் ஏற்றுக்கொண்டார்கள். ரயில்வே கம்பெனிகள் முந்திக்கொண்டன. கிரிமியப் போரின்போது அவசரமாகப் பீரங்கிப் படகுகளுக்கு எஞ்சின் தேவைப்பட, ஜான் பென் என்பவர் பாகங்களைப் பல பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்துச் செய்ய வைத்துச் சேர்த்துப் பூட்டினார் என்றால் அது இந்தப் பொது மரையால்தான்.

அமெரிக்கர்களுக்கு இது ஒத்துவரவில்லை. 1864இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் எழுந்து, விட்வொர்த் மரைக்கு மூன்று விதக் கட்டரும் இரண்டு வித லேத்தும் தேவை, என்னுடையதற்கு ஒரு கட்டர், ஒரு லேத் போதும் என்றார். 60 டிகிரி கோணம், உருண்டைக்குப் பதில் தட்டை முனை. 60 டிகிரி என்றால் சமபக்க முக்கோணம், சாதாரணத் தொழிலாளியே அளந்து சரிபார்த்துக்கொள்ளலாம். கெட்டிக்கார மெக்கானிக்குக்காக விட்வொர்த், சுமாரான மெக்கானிக்குக்காக செல்லர்ஸ் என்று நான் புரிந்துகொண்டேன். (அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. உருண்டை அடிதான் சீக்கிரம் விரிசல் விடாது என்பது அவர் கட்சி. அதுவும் உண்மைதான்.)

ஐரோப்பா பக்கம் மீட்டர்காரர்கள் 1898இல் ஜூரிக்கில் கூடித் தங்கள் மரையைத் தீர்மானித்தார்கள். கோணம் 60, அளவு மில்லிமீட்டர். பிரிட்டனிலேயே 1908இல் மரையை நெருக்கமாக வைத்து இன்னொரு வரிசை வந்தது. ஆக எட்டு மி.மீ. அருகில் மட்டும் பாருங்கள்: பழைய விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 18 மரை, பிரிட்டிஷ் நெருக்க மரையில் 22, அமெரிக்க நெருக்க மரையில் 24, மெட்ரிக்கில் கணக்குப் போட்டால் 20.3. நாலையும் கலந்து மேஜையில் கொட்டினால் அப்பாவின் நகத்தைத் தவிர வேறு யாராலும் பிரிக்க முடியாது.

இந்தக் கூத்துக்கு விலை கொடுத்தது இரண்டாம் உலகப் போர். ஸ்பிட்ஃபயர் விமானத்தில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினை அமெரிக்காவில் பேக்கார்ட் கம்பெனி செய்ய ஒப்புக்கொண்டது. அங்கே செய்த எஞ்சினும் இங்கிலாந்தில் செய்த எஞ்சினும் ஒன்றுக்கொன்று பாகம் மாற்றிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். அதனால் மரையை மாற்ற முடியாது. ஆனால் அமெரிக்காவில் பிரிட்டிஷ் மரை வெட்டும் டேப் கடையில் கிடைக்காது. பேக்கார்ட்காரர்கள் எஞ்சினைச் செய்யும் முன், அந்த மரையை வெட்டும் டேப்பைத் தாங்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது. போர் முடிந்ததும் புத்தி வந்தது. 1948 நவம்பர் 18ஆம் தேதி வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் கையெழுத்துப் போட்டன. கோணம் அமெரிக்காவின் 60, அடி மட்டும் பிரிட்டிஷ் பாணியில் உருளலாம். ஒருங்கிணைந்த மரை. என் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்த அஞ்சு பதினாறு இந்த வம்சம்தான்.

நான் வேலை பார்த்த வங்கி இன்னொன்றோடு இணைந்தபோது எனக்கு இதே அனுபவம். அவர்கள் கணக்கு எண்ணுக்கு ஒரு நீளம், எங்களுக்கு ஒன்று. ஆறு மாசம் கஸ்டமர்கள் கவுண்டரில் எங்களைத் திருகினார்கள். அதை விடுங்கள்.

என் வண்டி கதைக்கு வருகிறேன். அம்பாசடரின் உடம்பு இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசை. ஹூக்ளி ஆற்றின் அந்தப் பக்கம் உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை செய்தார்கள். மோரிஸ்காரர்கள் அதற்குள் ஒருங்கிணைந்த மரைக்கு வந்துவிட்டார்கள், ஆகவே உடம்பில் அங்குலம். 1990களின் தொடக்கத்தில் அதே உடம்புக்குள் ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் எஞ்சினைப் பொருத்திய மாடல் வந்தது. ஜப்பான் எஞ்சினில் எல்லாம் மில்லிமீட்டர். என்னுடையது இந்த ரகம். ரேடியேட்டரைப் பிடிப்பது 1948 வாஷிங்டன், அதிலிருந்து ஒரு சாண் தள்ளி தெர்மோஸ்டாட்டைப் பிடிப்பது மெட்ரிக்.

மோரிஸ் வம்சத்தில் இதைவிடப் பெரிய கிறுக்குத்தனம் ஒன்று உண்டு. முதல் உலகப் போரின்போது ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுதக் கம்பெனி இங்கிலாந்தின் கவன்ட்ரியில் தொழிற்சாலை போட்டது. போர் முடிந்து துப்பாக்கிக்கு ஆர்டர் இல்லாமல் மோரிஸுக்குக் கார் எஞ்சின் செய்தது. 1923இல் மோரிஸே அதை வாங்கிவிட்டார். எந்திரங்கள் எல்லாம் பிரெஞ்சு, மெட்ரிக் மரைதான் வெட்டும். ஆனால் இங்கிலாந்து மெக்கானிக்கிடம் இருப்பது விட்வொர்த் ஸ்பேனர். என்ன செய்தார்கள்? போல்ட்டின் மரை பிரெஞ்சு, தலை மட்டும் இங்கிலீஷ்! இப்படிப் பிறந்த எஞ்சின்கள் எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்களில் 1950களின் பாதி வரைக்கும் ஓடின.

இதையெல்லாம் படித்துவிட்டு அப்பாவிடம் பெருமையாகச் சொன்னால், "எங்க ஷாப்ல தினமும் இதுதானே" என்றார். பொன்மலைப் பட்டறை 1928இலிருந்து இருப்பது. பழைய நீராவி எஞ்சின் வேலைக்கு விட்வொர்த், புதிதாக வருகிற வரைபடத்துக்கு மில்லிமீட்டர். லேத் ஒன்றுதான், அதன் திருகுதண்டு அங்குலக் கணக்கில். அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரை எப்படி வெட்டினீர்கள் என்று கேட்டேன். நாற்பத்தைந்து வயதில், முதல் முறையாக.

"நூத்தி இருபத்தேழு பல்லு சக்கரம் போடணும்."

ஏன் 127? பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ஒரு அங்குலம் 25.4 மி.மீ. அந்தப் புள்ளி நாலு போக வேண்டுமானால் ஐந்தால் பெருக்க வேண்டும். 5 அங்குலம் 127 மி.மீ., மிச்சமே இல்லை. பல்லை எண்ணி வைத்த ஒரு சக்கரம் இரண்டு உலகத்தையும் பைசா பிசகாமல் இணைக்கிறது. நம் நாட்டுக் காசிலேயே அது முடியவில்லை. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி அணாவிலிருந்து நயா பைசாவுக்கு மாறினபோது ஒரு அணா என்பது 6.25 பைசா, சில்லறையில் ஆறாகத்தான் எண்ண முடிந்தது. நாலு அணா சேர்ந்தால்தான் சரியாக 25. கொள்கை எளிது, மிச்சம்தான் தொல்லை என்று பேலன்ஸ் ஷீட் பார்க்கிற நமக்குத் தெரியாதா!

ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்லூரி விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் "மத்திய அரசு ஊழியர்" என்று எழுதினேன். பொய்யில்லை. டர்னர் என்று ஏன் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்பா கையெழுத்துப் போடுமுன் படித்துப் பார்த்தார். அவருக்கும் தெரிந்திருக்கும்.

சரி, துளைக்கு வருவோம். தெருமுனை மெக்கானிக் தாதா எட்டிப் பார்த்து, மரை போய்விட்டதை வங்காளத்தில் "ப்யாஞ்ச் கேட்டே கேச்சே" என்று அறிவித்தார். பத்து மி.மீ.க்குப் பெரிசு பண்ணிப் பெரிய போல்ட் போட்டுவிடலாம் என்றார். செய்யலாம்தான். ஆனால் மூடியின் துளையையும் பெரிசாக்க வேண்டும், சுற்றி இருக்கும் அலுமினியச் சுவரோ மெல்லிசு. அப்பாவின் யோசனை, பெரிதாகத் துளைத்து மரை வெட்டி, வெளியும் உள்ளும் மரை போட்ட ஒரு புஷ்ஷைக் கடைந்து இறக்குவது. அதற்கு லேத் வேண்டும்.

மூன்றாவது வழி ஹெலிகாயில். வைரக்கல் வடிவக் குறுக்குவெட்டுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை ஸ்பிரிங் மாதிரிச் சுருட்டியது. அலுமினியமும் மெக்னீசியமும் நிறைந்த விமான எஞ்சின்களில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பரவியது. துளையைப் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டேப்பால் மரை வெட்டி, இந்தச் சுருளை உள்ளே முறுக்கி இறக்க வேண்டும். சுருள் இயல்பில் துளையைவிடக் கொஞ்சம் பெரிசு. அமுங்கி உள்ளே போய், விரியப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். அதன் உள்பக்கம் பழைய எட்டு மி.மீ. மரை அப்படியே. பழையதைவிட பலமும் அதிகம், ஏனென்றால் அலுமினியத்தில் பிடி இப்போது ஒன்பதரை மி.மீ.க்கும் மேல் அகலமான வட்டத்தில். ஆன்லைனில் செட் வரவழைத்தேன். அப்பா ஒரு சுருளைக் கையில் உருட்டி, "பேனா ஸ்பிரிங்க வெச்சு எஞ்சினைக் கட்டப் போறியா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பித்தோம். துளைக்குள் துருவல் விழாமல் துணி அடைத்து, 8.3 மி.மீ. டிரில். அது நான். டேப்பை அவரே பிடிக்க ஆசைப்பட்டார். நேராக நிறுத்தினார், ஆனால் இரண்டு வருஷமாகக் கை நடுங்குகிறது. இரண்டு தடவை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். டேப்பின் மேல் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டார்.

"அரைச் சுத்து முன்னால. நிறுத்து. கால் சுத்துப் பின்னால. துருவல் ஒடியட்டும்."

"போகுதுப்பா, நல்லாப் போகுது."

"போகும். அதனாலதான் நிறுத்தச் சொல்றேன். மண்ணெண்ணெய் விடு."

சுருளைக் கருவியில் மாட்டி இறக்கினேன். மேல் விளிம்புக்கு முக்கால் சுற்று கீழே நிறுத்தி, அடியில் இருக்கும் நாக்கைத் தட்டி ஒடித்து வெளியே எடுத்தாயிற்று. பிறகு போல்ட். கேஜில் வைத்து, இதுதான் என்று காட்டிய பின்தான் அப்பா என் கையில் கொடுத்தார். ஸ்பேனரைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ரெண்டு விரலால் கடைசி வரை போக வேண்டும், போகவில்லை என்றால் வெளியே எடு என்றார். போனது. பிறகு ஸ்பேனர் வந்தது.

எஞ்சினை இருபது நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. தங்கமணி காபியோடு வந்து, நம் பாத்ரூம் குழாயும்தான் ஒழுகுகிறது, அதற்கு எப்போது இந்த ஆராய்ச்சி என்றார். பொருத்தமான கேள்விதான். நம் வீட்டு அரை இஞ்ச் குழாயின் மரை இன்றைக்கும் விட்வொர்த்தின் 55 டிகிரி, அங்குலத்துக்கு 14. அதை அவரிடம் சொன்னதில் ஒன்றும் பலனில்லை.

இப்போது ஹார்லிக்ஸ் பாட்டில் இரண்டாகிவிட்டது. அப்பா பேப்பர் ஒட்டி ஒன்றில் 'அங்குலம்', இன்னொன்றில் 'மி.மீ.' என்று எழுதி, தினமும் மத்தியானம் கேஜை விரித்து வைத்துக்கொண்டு பிரித்துப் போடுகிறார். பாதி மரை தேய்ந்த போல்ட் ஒன்று மட்டும் இரண்டிலும் சேரவில்லை. மூன்று நாளாக ஜன்னல் வெளிச்சத்தில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.